டீச்சர், வெளியே போகட்டுமா?

சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடமானாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த டீச்சருக்குக்கூட அது உடனே விளங்கிவிடும்.

டீச்சர் தலையை அசைத்தால் பிள்ளை வெளியே ஓடும். "இப்பத்தானே இண்டர்வெல் விட்டுச்சு? பேசாம உட்காரு!" என்றால் உட்காரத்தான் வேண்டும். பிள்ளை நெளியும். காலைப் பின்னிக்கொள்ளும். கரும்பலகையில் எழுதிய கணக்கு கண்ணில் படாது. கடிகார முள்தான் படும்.

சொல்லாமல் எழுந்து ஓடினால்? அது குற்றம். அனுமதி இல்லாமல் வகுப்பை விட்டு வெளியேறக் கூடாது என்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள விதி. பல பள்ளிகளில் பிள்ளைகளின் டைரியிலேயே அதை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த விதி சரியா, தப்பா என்று கேட்டால், விதி சரிதான். அதை நடத்துகிற விதத்தில்தான் வம்பு வருகிறது.

விதி எதற்காக?

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போகிறாள். மாலையில் மணி அடிக்கும் வரை அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதற்குப் பள்ளிக்கூடம்தான் பொறுப்பு. பள்ளிக்குப் பின்னால் சுவர் இல்லாத கிணறு இருக்கலாம். வாசலுக்கு எதிரே லாரி போகும் ரோடு இருக்கலாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் டீச்சருக்கு, ஒரு பிள்ளை பத்து நிமிடம் கண்ணில் படாமல் போனாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால், "ஏன் வெளியே விட்டீர்கள்?" என்றுதான் ஊரே கேட்கும். "ஏன் உள்ளேயே வைத்திருந்தீர்கள்?" என்று சாதாரணமாக யாரும் கேட்பதில்லை. ஆகவே "உட்காரு" என்று சொல்லிவிடுவது வாத்தியாருக்குப் பாதுகாப்பான பதில். அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை.

பெரிய வகுப்புப் பையன்கள் விஷயம் வேறு. "ஒன்றுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு மதில் ஏறிக் குதிக்கிறவர்களும் உண்டு. புதுப் படம் வெளியாகும் நாளில் கடைசி பெஞ்சு காலியாவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருவன் பொய் சொன்னால், அடுத்த பத்துப் பேர் நிஜம் சொன்னாலும் வாத்தியார் நம்புவதில்லை. இதுவும் மனித சுபாவந்தான்.

அந்தக் காலத்தில்...

திண்ணைப் பள்ளிக்கூட நாட்களில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. பள்ளிக்கு வராமல் ஒளிந்துகொண்ட பையனைச் சட்டாம்பிள்ளை ஆள் சேர்த்துக்கொண்டு போய்த் தூக்கி வருவான். ஓடிப் போகிற பையனின் காலில் மரக்கட்டையை மாட்டி வைப்பார்கள். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் "கோதண்டம்" என்ற தண்டனையும் இருந்தது. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள்" என்று பெற்றோரே வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போன காலம் அது.

அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடி வாங்கிப் படித்து முன்னுக்கு வந்தவர்கள்தான் அப்படிப் பேசுகிறார்கள். அடிக்குப் பயந்து மூன்றாம் வகுப்போடு நின்று, மாடு மேய்க்கப் போனவர்களின் பேச்சு யார் காதிலும் விழுவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. அதன் 17-வது பிரிவு, பிள்ளையை உடலால் தண்டிக்கவும் கூடாது, மனதால் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. 16-வது பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 2019-ல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பரீட்சையில் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க மாநிலங்கள் முடிவு செய்யலாம் என்று ஆயிற்று. ஆனாலும் வெளியே அனுப்பக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது.

தண்டனை என்றால் பிரம்படி மட்டும் அல்ல. முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவது, வகுப்பிலோ வேறு அறையிலோ அடைத்து வைப்பது எல்லாம் தண்டனைதான் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. அந்த நெறிமுறைகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொண்டுவரும்படி சென்னை ஐகோர்ட்டு 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது.

ஆக, அனுமதி இல்லாமல் வெளியே போன பிள்ளையை அடிக்க முடியாது. வெயிலில் நிறுத்த முடியாது. சின்ன வகுப்பானால் டி.சி. கொடுத்து அனுப்பவும் முடியாது. பிறகு வாத்தியார் என்னதான் செய்வார்? "ஏன் போனாய்?" என்று கேட்கலாம். இது சின்னக் கேள்விதான். ஆனால் கேட்டுப் பார்த்தால் பல சங்கதிகள் வெளியே வரும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பையன், தன்னை எழுப்பிப் படிக்கச் சொல்லும் பாட வேளையில் மட்டும் காணாமல் போவான். பக்கத்துப் பெஞ்சுக்காரன் கிள்ளுகிறான் என்று சொல்லத் தெரியாத பிள்ளை வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை குழாயடிக்குப் போகும். இவர்களுக்கெல்லாம் ஒரே தண்டனை என்றால், ஒருவருடைய வியாதியும் தீராது.

பத்து நிமிடக் கணக்கு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வகுப்பு நடக்கும்போது வெளியே போக வேண்டும் என்று கேட்கும் சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்பது கழிப்பறைக்குத்தான். "இண்டர்வெல்லில் போயிருக்க வேண்டியதுதானே?" என்பது எல்லா வாத்தியார்களும் சொல்லும் பதில். போயிருக்க முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பள்ளியில் 300 பெண் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு ஆறு கழிப்பறைகள். ஆறும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஆறிலும் தண்ணீர் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். இடைவேளை 10 நிமிடம். ஒரு பிள்ளை உள்ளே போய் வர இரண்டு நிமிடம். பத்து நிமிடத்தில் ஒரு கழிப்பறையில் ஐந்து பேர் போகலாம். ஆறு கழிப்பறையில் 30 பேர். மீதி 270 பேர்?

அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் அவசரம் இருக்காது. அதில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மட்டும் அவசரம் என்றாலும் நூறு பேர் ஆகிறார்கள். முப்பது பேர் போய்விட்டு வருவார்கள். எழுபது பேர் வரிசையில் நிற்கும்போதே மணி அடித்துவிடும். வரிசையில் நின்று முறை வந்ததும் போய்விட்டு வந்தால் "ஏன் லேட்?" என்பார்கள். வகுப்புக்கு வந்துவிட்டுக் கேட்டால் "இண்டர்வெல்லில் என்ன செய்தாய்?" என்பார்கள். பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளிதான்!

சின்னப் பிள்ளையின் மூத்திரப்பை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு டாக்டர்கள் ஒரு எளிய கணக்குச் சொல்வார்கள். பிள்ளையின் வயதோடு இரண்டைக் கூட்டி, முப்பதால் பெருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை என்றால் எட்டும் இரண்டும் பத்து. பத்தை முப்பதால் பெருக்கினால் 300 மில்லி. சுமார் ஒன்றரை டம்ளர். பெரியவர்களுடைய அளவை வைத்து, "ஒரு மணி நேரம் அடக்க முடியாதா?" என்று கேட்பது நியாயம் ஆகாது.

அடக்கி அடக்கிப் பழகினால் மூத்திரத் தாரையில் கிருமி சேரும். எரிச்சல், காய்ச்சல் வரும். பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம். இரண்டுக்குப் போவதை அடக்கினால் மலச்சிக்கல் வரும். இதற்குப் பயந்து பல பிள்ளைகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை! மாலையில் வீட்டுக்கு வந்த பிள்ளையின் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பியபடியே நிறைந்திருந்தால், "சோம்பேறி, தண்ணிகூடக் குடிக்கலை" என்று திட்டுவதற்கு முன்னால், பள்ளியில் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று தாய் கேட்பது நல்லது.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் படும் பாடு சொல்லி முடியாது. மாதத்தில் அந்த நாட்களில் அவர்களால் இண்டர்வெல் மணிக்காகக் காத்திருக்க முடியாது. ஆண் வாத்தியார் பாடம் எடுக்கும் வகுப்பில் எழுந்து காரணமும் சொல்ல முடியாது. "எதுக்கு இப்பப் போகணும்?" என்ற ஒரு கேள்வியே அவர்களுக்குப் பிரம்படியை விடப் பெரிய தண்டனை.

கட்டிடம் இருக்கிறது, தண்ணீர் எங்கே?

பள்ளிகளில் கழிப்பறை வேண்டும் என்று யாரும் சொல்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டமே பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறையும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2014 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையில் பேசிய பிரதமர் மோடி, ஓர் ஆண்டுக்குள் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இல்லாத பள்ளியே இருக்கக் கூடாது என்றார். அடுத்த ஆண்டு, 4 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டி முடிந்தன என்று மத்திய சர்க்கார் அறிவித்தது.

கட்டியதை யாராவது திறந்து பார்த்தார்களா? மத்திய கணக்குத் தணிக்கை அதிகாரிகள் பார்த்தார்கள். மத்திய சர்க்கார் நிறுவனங்கள் கட்டியவற்றில் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை அவர்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள். அந்த அறிக்கை 2020-ல் வெளிவந்தது. சில கழிப்பறைகள் இடத்திலேயே இல்லை. சில அரைகுறை. நூற்றுக்கு முப்பது பயன்பாட்டில் இல்லை. பூட்டிக் கிடந்தன, இடிந்து கிடந்தன, அல்லது சாமான் போடும் அறையாக இருந்தன. தண்ணீர் வசதியைப் பார்த்த 2,326 கழிப்பறைகளில் 1,679-ல் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை.

தண்ணீர் இல்லாத கழிப்பறை இரண்டு நாளில் நாறும். நாறினால் பூட்டுவார்கள். பூட்டினால், இருக்கிற ஒன்றிரண்டுக்குக் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் இண்டர்வெல் போதாது. அப்புறம்தான் "வகுப்பு நேரத்தில் வெளியே போகிறான்" என்ற புகார் வருகிறது. குழாயில் ஆரம்பித்த கோளாறு பிள்ளையின் ஒழுக்கத்தில் வந்து முடிகிறது!

இங்கிலாந்தில் நடந்த கலாட்டா

இது ஏழை நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பல ஊர்ப் பள்ளிகளில் மாணவர்கள் திடீரென்று வகுப்பை விட்டு வெளியேறி மைதானத்தில் கூடினார்கள். காரணம் என்ன தெரியுமா? பாட நேரத்தில் கழிப்பறைகளைப் பூட்டிவிட்டார்கள்! ஒரு பள்ளியில் எடுத்த படம் செல்போன் மூலம் அடுத்த பள்ளிக்குப் போயிற்று. அங்கேயும் கலாட்டா தொடங்கியது. சில இடங்களில் பொருள்களும் சேதமாயின.

பள்ளிக்காரர்கள் சும்மா பூட்டவில்லை. பையன்கள் கழிப்பறைக்குள் போய் மின்சார சிகரெட் குடிக்கிறார்கள், பொருள்களை உடைக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் பத்துப் பேர் சிகரெட் குடித்ததற்காக ஆயிரம் பேருடைய மூத்திரத்தை அடக்கச் சொன்னால், அந்த ஆயிரம் பேரும் அந்தப் பத்துப் பேர் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அதுதான் அங்கே நடந்தது.

தண்ணீர் மணி

தமிழ்நாட்டில் 2025 ஜூன் மாதம் "வாட்டர் பெல்" என்ற ஏற்பாட்டைப் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்தது. கேரளாவில் 2019-லேயே பிரபலமான யோசனை இது. ஒரு நாளைக்கு மூன்று தடவை தனி மணி அடிக்கும். பிள்ளைகள் வகுப்பிலேயே பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, பாராட்ட வேண்டியது.

ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும்? தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்கள் என்றால், அது வெளியேறவும் வழி விட வேண்டும். வாட்டர் பெல் அடிக்கும் பள்ளியில், "பாட நேரத்தில் யாரும் வெளியே போகக் கூடாது" என்ற விதியும் கண்டிப்பாக இருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நடுவில் அகப்படுவது பிள்ளை.

கேட்க நேரம் இல்லாத வேளை

அனுமதிக்காகக் காத்திருப்பதே ஆபத்தாகும் சமயமும் உண்டு. முன்னே சொன்ன "ஏன் உள்ளேயே வைத்திருந்தீர்கள்?" என்ற கேள்வியை ஜப்பானில் பெற்றோர்கள் கோர்ட்டில் கேட்டார்கள்.

2011 மார்ச் 11 பிற்பகல் ஜப்பானில் பெரிய பூகம்பம் வந்தது. இஷினோமாக்கி நகரத்தைச் சேர்ந்த ஒக்காவா ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. எந்தப் பக்கம் போவது என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருந்ததில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மலைக்கு ஓடலாம் என்று சில பிள்ளைகள் கேட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். கடைசியில் கிளம்பியபோது சுனாமி வந்துவிட்டது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஒழுக்கமான பிள்ளைகள். சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி நிர்வாகத்தின் மேல் தவறு இருக்கிறது, நஷ்ட ஈடு தர வேண்டும் என்று கொடுத்த தீர்ப்பை 2019-ல் ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

அதே நாளில், அதே கடற்கரைப் பிரதேசத்தில், காமாயிஷி என்ற நகரத்தில் நடந்தது வேறு. அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியின் பிள்ளைகள் உத்தரவுக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே ஏறினார்கள். பிழைத்தார்கள். இது தற்செயல் அல்ல. "ஆபத்து என்றால் யாரையும் எதிர்பார்க்காதே, உயரமான இடத்துக்கு ஓடு" என்று பல ஆண்டுகளாக அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எப்போது அனுமதி கேட்க வேண்டாம் என்பதையும் பாடமாக நடத்தியிருந்தார்கள்.

தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு இதைப் படிக்கும்போது கும்பகோணம் நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரைகள் போயின. தீ அணைக்கும் கருவிகள் சுவரில் ஏறின. தீ என்றால் எந்தப் படிக்கட்டில் இறங்குவது, எந்தக் கதவு திறந்திருக்கும் என்று பிள்ளையிடம் கேட்டால் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கருவிக்குச் சிவப்புச் சாயம் அடித்து என்ன பயன்?

என்ன செய்யலாம்?

பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதி. அதற்குக் கதவைப் பூட்ட வேண்டியதில்லை. வகுப்பு வாசலில் ஓர் ஆணியில் இரண்டு அட்டைகள் தொங்கட்டும். போகிற பிள்ளை ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், வந்ததும் திரும்ப மாட்டட்டும். அட்டை இல்லை என்றால் இரண்டு பேர் வெளியே இருக்கிறார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். கை தூக்கிக் காரணம் சொல்ல வேண்டாம், பாடமும் நிற்காது. அமெரிக்கப் பள்ளிகளில் இதுபோன்ற பாஸ் வெகு காலமாக இருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு தினமும் அதே பாட வேளையில் ஒரு பையன் போனால், அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இண்டர்வெல்லை எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் விடாமல், சின்ன வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் விட்டால் பாதிக் கூட்டம் குறையும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதோடு நிற்காமல், எத்தனை கழிப்பறை திறந்திருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, வெளியே போன பிள்ளை பத்து நிமிடத்தில் திரும்பாவிட்டால் யார் தேடிப் போவது என்று கேட்கலாம். பேச்சோடு போகாமல் நோட்டில் எழுதச் சொல்லலாம்.

உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் குழு வைக்கச் சொல்லவில்லை. அங்கே பிள்ளையின் டைரிதான் வழி. "என் பிள்ளை கேட்டால் வெளியே விடவும்" என்று ஒரு வரி எழுதி, கீழே டீச்சரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லலாம். மறுநாள் தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.